கோழிக்கூண்டு கார்

அந்தக் கார் மைத்தேயின் அம்மாவுக்குக் கிடைத்தபோது, அதற்குள் ஒரு கோழிக் குடும்பமே குடியிருந்தது. முன் இருக்கையில் பெட்டைகள். பின்னால் குஞ்சுகள். சேவல் மட்டும் ஸ்டியரிங்கின் மேல் உட்கார்ந்து எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தது.

அது 1940ஆம் ஆண்டு ஃபோர்டு. ஓர் ஆட்டுப் பண்ணையின் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. அம்மா அதை வீட்டுக்கு இழுத்து வந்து, ஐந்து ஆண்டுகள் பாடுபட்டு ஓட வைத்தார். ஓட வைத்ததோடு விடவில்லை, பறக்கவும் வைத்தார். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு வைத்தார். காரின் முன்பக்கத்தைத் தரையை முகர்ந்து பார்ப்பதுபோலத் தாழ்த்தினார். சூடு வெளியேற, எஞ்சின் மூடியான பானட்டில் மீன் செதில் மாதிரி வரிசையாகத் துளைகள் வெட்டினார். ஒரே ஒரு பிடிவாதம் அவருக்கு: மாட்டுகிற பொருள் எல்லாம் அந்தக் காலத்து இளைஞர்கள் தங்கள் வேகக் கார்களில் மாட்டியதாகவே இருக்க வேண்டும்.

ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவள் மைத்தே. இப்போது அவளுக்குப் பத்து வயது. எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

இன்றுதான் அந்தக் கறுப்புக் காருக்கு முதல் பந்தயம். பேக்கர்ஸ்ஃபீல்டு ஊருக்கு வெளியே, பாதாம் தோப்புகளுக்கு நடுவே நேராக நீளும் ஓடுபாதை. இரண்டு இரண்டு கார்களாக ஓட வேண்டும். தோற்ற கார் வெளியே போய்விடும். காலையிலிருந்து அம்மா யாரிடமும் தோற்கவில்லை. மிச்சம் இருந்தது கடைசிப் போட்டி மட்டும்தான். எதிரே ராய்ஸ் டட்டிலின் மஞ்சள் கார்.

டட்டில் டயர் கடை வைத்திருந்தார். மூன்று வருடமாகக் கோப்பை அவர் கடையில்தான் இருந்தது. வரிசையில் நிற்கும்போதும் அவர் எஞ்சினை அணைக்கவில்லை. அந்த உறுமல் ஊருக்கே கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"என்ன டெனிஸ், உன் கோழிக்கூண்டு கடைசி வரைக்கும் ஓடுமா?" என்று கத்தினார்.

அம்மா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "முட்டை வேணும்னா என் பின்னாடியே வா ராய்ஸ், பொறுக்கிக்கலாம்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டட்டிலும் சிரித்தார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. மைத்தேயின் தம்பி ஆண்டன் ஐஸ் பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தான். உள்ளே செர்ரி குச்சி ஐஸ் இருந்தது. பந்தயம் முடிந்ததும் சாப்பிடலாம் என்று அம்மா சொல்லியிருந்தார். அதனால் அவன் காவல் காத்தான்.

அப்போது திடீரென்று உறுமல் நின்றது. மஞ்சள் கார் ஒருமுறை இருமியது, இன்னொரு முறை இருமியது, அப்புறம் பேச்சு மூச்சைக் காணோம்.

டட்டில் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. இறங்கிவந்து பானட்டைத் திறந்தார். ஒயரை ஆட்டிப் பார்த்தார். கார் அசைந்து கொடுக்கவில்லை.

கொடி அசைக்கும் கஸ் வந்து எட்டிப் பார்த்தார். "முன்னாடி போன வண்டி கொட்டின எண்ணெயை இப்போ துடைச்சிட்டு இருக்காங்க. அது முடியற வரைக்கும்தான் உனக்கு நேரம் ராய்ஸ். அப்புறம் டெனிஸ் தனியா ஓடுவா. கோப்பை அவளுக்குத்தான்."

ஆண்டன் எம்பிக் குதித்தான். "அக்கா, நாம ஜெயிச்சிட்டோம்!"

மைத்தே குதிக்கவில்லை. அந்த இருமலை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். போன கோடையில் மலைப் பாதையில் அவர்கள் காரும் இப்படித்தான் இருமி நின்றது. சூடு தாங்காமல் பெட்ரோல் பம்புக்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. எஞ்சின் பட்டினி கிடக்கும். பம்பைக் குளிர வைத்தால் போதும்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து ஆண்டு உழைப்பு. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் கோப்பை வீட்டுக்கு வந்துவிடும்.

ஆனால் தனியாக ஓடி ஜெயித்தால், யாரை ஜெயித்தோம் என்று சொல்வது?

"ஆண்டன், எந்திரி" என்றாள்.

"ஏன்?"

"ஐஸ் வேணும்."

"பந்தயம் இன்னும் முடியல."

"முடியறது என்ன, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அதுக்குத்தான் கேக்கறேன். எந்திரி."

பெட்டியில் இருந்த குச்சி ஐஸ் எல்லாவற்றையும் உறையோடு துண்டில் சுருட்டினாள். ஐஸ் பெட்டியின் தண்ணீரிலேயே துண்டை நனைத்துக்கொண்டு மஞ்சள் காரை நோக்கி ஓடினாள். ஆண்டன் வாயைப் பிளந்தபடி நின்றான்.

டட்டில் அவளைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். "உங்கம்மா அனுப்பினாளா, என் எஞ்சினைக் கெடுத்துட்டு வரச்சொல்லி?"

"அதுதான் ஏற்கெனவே ஓடலையே மிஸ்டர் டட்டில். நான் வேற தனியா கெடுக்கணுமா?"

மைத்தே துண்டை அவரிடம் நீட்டினாள்.

"பெட்ரோல் கொதிச்சிருச்சு. இவ்வளவு நேரம் ஓட விட்டுட்டே நின்னீங்கல்ல, அதான். இதைப் பம்பு மேல வைங்க. எனக்கு எட்டாது, சூடு வேற."

"கார்புரேட்டர்லதான் கோளாறுன்னு நினைச்சேன்."

"வெச்சுப் பாருங்க. சரியா வரலைன்னா திட்டுங்க."

டட்டில் துண்டை வாங்கி எஞ்சினின் மேல் பின்பக்கமாக இருந்த பம்பைப் போர்த்தினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். தூரத்தில் துடைப்பத்தோடு ஆட்கள் பாதையை விட்டு விலகத் தொடங்கினார்கள். கஸ் கொடியைக் கையில் எடுத்தார்.

"கீழ பாரு, ரத்தச் சிவப்பா ஏதோ ஒழுகுது" என்று டட்டில் பதறிப்போய்க் குனிந்தார். ஒரு விரலால் தொட்டார். முகர்ந்தார். அப்புறம் நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"செர்ரி" என்றார்.

"என் தம்பியோடது" என்றாள் மைத்தே. "இப்போ துண்டை எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க."

எஞ்சின் சுற்றியது. இருமியது. மறுபடி சுற்றியது. பிறகு நெஞ்சு அதிர ஒரு உறுமல்.

மைத்தே திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கார் சத்தமில்லாமல் நின்றது. எதிராளி வரட்டும் என்று அம்மா தன் எஞ்சினை எப்போதோ அணைத்துவிட்டிருந்தார். ஜன்னல் வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்தியது.

இரண்டு கார்களும் கோட்டில் நின்றன. கஸ் கொடியை உயர்த்தி, வீசினார்.

டயர்கள் கிறீச்சிட்டன. புகை எழும்பியது. பாதிப் பாதை வரை அம்மாதான் முன்னால். கறுப்புக் கார் தரையோடு தரையாக அம்புபோலப் போனது. மைத்தே வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எம்பிப் பார்த்தாள். முடிவுக்குப் பக்கத்தில் மஞ்சள் கார் அங்குலம் அங்குலமாக எட்டிப் பிடித்தது. இரண்டும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டியதுபோல்தான் தெரிந்தது.

கஸ் ஒலிபெருக்கியில் சொன்னார்: "மஞ்சள். ஒரு முகப்பு விளக்கு அளவுதான்."

ஆண்டன் மைத்தேயை ஏறிட்டுப் பார்த்தான். "ஐஸையும் கொடுத்த. கோப்பையையும் கொடுத்துட்ட."

அம்மாவின் கார் திரும்பி வந்து நின்றது. அம்மா ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் கரி. பற்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன.

"பார்த்தியா மைத்தே? பாதி தூரம் வரைக்கும் அவனை அழ வெச்சேன். இந்தக் கார் இப்படி ஓடும்னு எனக்கே தெரியாதுடி."

"கோபம் இல்லையாம்மா?"

"தனியா ஓடியிருந்தா இது தெரிஞ்சிருக்குமா?" அம்மா அவள் தலையைக் கலைத்துவிட்டார்.

கோப்பையோடு படம் எடுக்க டட்டிலை அழைத்தார்கள். அவர் வந்து நின்றார், சுற்றும்முற்றும் பார்த்தார், அப்புறம் கேமராக்காரரைக் கையமர்த்தினார்.

"என் மெக்கானிக் வராம போட்டோ கிடையாது. மைத்தே, இங்க வா."

"அவ என் மெக்கானிக் ராய்ஸ். வாடகைக்கு விடறதில்ல" என்றார் அம்மா.

"ஒரே ஒரு போட்டோவுக்கு மட்டும் டெனிஸ். அப்புறம் திருப்பிக் கொடுத்துடறேன்."

மைத்தே போய் நின்றாள். டட்டில் கோப்பையின் ஒரு காதை அவள் கையில் கொடுத்து, இன்னொன்றைத் தான் பிடித்துக்கொண்டார். அவள் கையில் கிரீஸ், சட்டையில் செர்ரிக் கறை.

"சிரிங்க" என்றார் கேமராக்காரர்.

அவள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தாள்.