பயிற்சியாளர் வீட்டு வாசலில் பலகைகள்

வார்ட்லோ ஊரில் பல் மருத்துவர்கூட நம் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கூடைப்பந்தைப் பற்றித்தான் பேசுவார். கல்லூரி அணி ஜெயித்தால் ஊர் முழுக்கச் சிரித்த முகமாக இருக்கும். தோற்றால் ஊரே துக்க வீடாகிவிடும். இந்தக் குளிர்காலம் முழுவதும் ஊர் துக்க வீடாகத்தான் இருந்தது.

பள்ளி உணவுக்கூடத்தில் சன்னலோர மேஜை மாரெனுக்கும் அவள் நண்பர்களுக்கும் உரியது. எல்லோரும் ஆறாம் வகுப்பு. காலியான பால் டப்பாதான் அவர்களுடைய மைக். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம். இந்த விதியைப் போட்டவள் மாரென். அதிகம் மீறுகிறவளும் அவள்தான்.

டோபினுக்குப் பெரிய நகரங்களின் தொழில்முறை அணிகள்தான் உசத்தி. லைலுக்குக் கல்லூரி அணி என்றால் உயிர். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு, முழங்கால் வலி என்று பெஞ்சில் உட்காருகிறவனெல்லாம் ஓர் ஆட்டக்காரனா என்று லைல் பொரிந்து தள்ளுவான். உங்கள் கல்லூரிப் பையன்கள் மட்டும் யோக்கியமா, அதிகப் பணம் தரும் கல்லூரி கூப்பிட்டால் மறுநாளே பெட்டி கட்டுகிறார்களே என்று டோபின் மடக்குவான். மாரென் எந்தப் பக்கமும் நிரந்தரமாக இருக்க மாட்டாள். தோற்கிற பக்கம் போய்ச் சேர்ந்து அதை ஜெயிக்க வைப்பாள். அவ்வளவு வாய் அவளுக்கு.

நான்காவது ஆள் ஜூனி. கல்லூரி அணியின் பயிற்சியாளர் ஆல்டன் ரூக்கின் மகள். பள்ளியில் சேர்ந்த புதிதிலேயே, "எங்க அப்பாவைப் பத்திப் பேசணும்னா தாராளமா பேசுங்க. நான் இருக்கேன்னு நிறுத்தாதீங்க. எனக்குப் பழகிடுச்சு" என்று சொல்லிவிட்டாள். மற்ற மூவரும் அதை அப்படியே நம்பிவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பேச்சு பலகைகளைப் பற்றி வந்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் அது ஒரு வழக்கம். அணி தோற்றுக்கொண்டே இருந்தால், 'வீடு விற்பனைக்கு' என்று எழுதிய பலகைகளை யாராவது பயிற்சியாளர் வீட்டுப் புல்வெளியில் இரவோடு இரவாக நட்டு வைப்பார்கள். மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பு என்று அதற்கு அர்த்தம். நடுகிறவர்களுக்கு அது வெறும் கேலி.

மாரென் பால் டப்பாவை வாயருகே வைத்துக்கொண்டு, பழைய கார் விற்பவரின் குரலில் ஆரம்பித்தாள்.

"வீட்டை ஏன் விக்கணும்? கோச்சையே வித்துடலாம். பயிற்சியாளர் விற்பனைக்கு. நாலு வருஷம் ஓடின வண்டி. முதல் பாதி நல்லா ஓடும், இரண்டாம் பாதியில ஒழுகும்."

மேஜையே குலுங்கியது. லைலுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ஜூனியும் சிரித்தாள்.

மறுநாள் கல்லூரி அணி வெளியூரில் மறுபடியும் தோற்றது. முதல் பாதியில் முன்னிலை, இரண்டாம் பாதியில் கோட்டைவிட்டார்கள்.

ஞாயிறு காலை மாரென் தட்டில் முட்டையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அப்பா சிரித்துக்கொண்டே தன் போனை அவள் பக்கம் திருப்பினார். ஊரில் எல்லோரும் அந்தப் படத்தைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். ஜூனி வீட்டு முன்புறப் புல்வெளி முழுவதும் பலகைகள். நடுவில் பெரியதாக ஒன்று. சிவப்பு எழுத்தில், 'பயிற்சியாளர் விற்பனைக்கு. இரண்டாம் பாதியில் ஒழுகும்.'

"எவனோ மூளைக்காரன் எழுதியிருக்கான்" என்றார் அப்பா.

அவை மாரெனின் வார்த்தைகள். சொன்னது என்னவோ பால் டப்பாவுக்குள். அது எப்படி ஊர் முழுக்கப் போயிற்று? முட்டையை அப்படியே வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

ஜூனி புல்வெளியில் தனியாக நின்று ஒரு பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா மருத்துவமனையில் வேலையில் இருந்தார். சனிக்கிழமை பகலில் அடித்த வெயிலில் தரை இளகியிருக்க, முன்னிரவில் யாரோ நட்ட பலகைகள் அவை. பின்னிரவுக் குளிரில் தரை கல்லாக இறுகி, கம்பிக் கால்களைக் கவ்விக்கொண்டது. இழுத்தால் பலகை மட்டும் கையோடு வந்தது. கம்பிகள் தரையிலேயே நின்றன. ஜூனியின் விரல்கள் கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"போட்டோ எடுக்க வந்தியா?" என்று கேட்டாள் ஜூனி.

"இல்ல. இதையெல்லாம் எடுத்துப் போட வந்தேன்."

ஜூனி நடுவிலிருந்த பெரிய பலகையைக் காட்டினாள். "அது உன்னோடது."

"ஆமா, என்னோடதுதான்" என்றாள் மாரென். அவமானத்தில் முகம் எரிந்தது. "ஜூனி, நான் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. மன்னிச்சுடு."

ஜூனி கையிலிருந்த பலகையைக் கீழே போட்டாள். பிறகு, "நானும்தானே சிரிச்சேன்" என்றாள். "பள்ளிக்கூடத்துல கேட்டப்ப சிரிப்பா இருந்துச்சு. வாசல்ல பார்த்தா சிரிப்பா இல்ல."

அவளுடைய கவலை வேறு. வெளியூரில் பனிப்புயலில் மாட்டிக்கொண்ட அணியின் பேருந்து இருட்டுவதற்குள் கல்லூரிக்கு வந்துவிடும். அங்கிருந்து அப்பா காரில் வீட்டுக்கு வருவார். இதற்கு முந்தின ஊரில் அப்பா இப்படித்தான் பலகைகளைப் பார்த்தாராம். அன்று காரிலிருந்து இறங்காமல் வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாராம். அதற்குப் பிறகு பல நாட்கள் அவர் சாப்பாட்டு மேஜையில் பேசவே இல்லை.

"அப்பா இதைப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றாள் ஜூனி. அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

மாரென் குனிந்து கம்பியை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. காரின் கதவு உறைந்து போனால் அவளுடைய அம்மா வெந்நீரை ஊற்றித்தான் திறப்பார். அது நினைவுக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"அடுப்புல தண்ணி வை. எத்தனை பெரிய பாத்திரம் இருக்கோ அத்தனையும் வை. நான் ஆள் கூட்டிட்டு வர்றேன்."

டோபின் இரண்டு ஃபிளாஸ்க்குகளோடு உடனே வந்துவிட்டான். லைல் வரத் தயங்கினான். கடைசியில், பள்ளி அணியின் பெஞ்சருகே வைக்கும் பெரிய தண்ணீர் டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி வந்து சேர்ந்தான். அது நிறைய வெந்நீர். அவன் ஜூனியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான்தான் அண்ணன்கிட்ட அந்த ஜோக்கைச் சொன்னேன். அவன் எழுதுவான்னு நினைக்கல" என்றான்.

"ஊத்து" என்றாள் ஜூனி.

ஒருவர் ஊற்ற, ஒருவர் கம்பியை ஆட்ட, மற்ற இருவரும் இழுத்தார்கள். முதல் பலகை சளக்கென்று வந்தபோது டோபின் மல்லாந்து விழுந்தான். யாரும் சிரிக்கவில்லை. கை மரத்துப்போனது. காலுறை நனைந்தது. வழியில் போன ஒரு வண்டி வேகத்தைக் குறைத்தது. பிள்ளைகளும் பலகை நடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அதிலிருந்தவர் ஹாரன் அடித்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அவர் போன திசையையே ஜூனி பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த மௌனத்தை டோபினால் தாங்க முடியவில்லை. தொழில்முறை அணிகளில் பயிற்சியாளரை நீக்கினாலும் மீதி ஒப்பந்தத்துக்கு உண்டான சம்பளத்தைக் கொடுத்துவிடுவார்கள் என்று மெதுவாக ஆரம்பித்தான். கல்லூரியிலும் கொடுப்பார்கள், தெரியாவிட்டால் பேசாதே என்றான் லைல். அடுத்த நிமிடமே இருவரும் கம்பியை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். கம்பி இரண்டு பக்கமும் வளைந்ததே தவிர வெளியே வரவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே பக்கமா இழுங்கடா" என்றாள் ஜூனி. அன்று முதல் முறையாக அவளுடைய உதட்டோரத்தில் கொஞ்சம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

பெரிய பலகையை மாரென் தனியாகவே எடுத்தாள். யாரையும் தொட விடவில்லை. பலகைகளை எல்லாம் வீட்டுக்குப் பின்புறம் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் அடுக்கி முடிக்கவும், பயிற்சியாளரின் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

அவர் இறங்கி இரண்டடி வைத்தார். ஊற்றிய வெந்நீரெல்லாம் அதற்குள் பனிக்கட்டியாகியிருந்தது. வழுக்கி, கையால் காற்றைத் துழாவி, எப்படியோ விழாமல் நின்றார். புல்வெளி முழுவதும் சின்னச் சின்ன ஓட்டைகள். ஈரக் கையுறைகளோடு நான்கு பிள்ளைகள்.

"எத்தனை இருந்துச்சு?" என்று கேட்டார்.

டோபின் ஈரக் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"பஸ்ல பசங்க எல்லார் போன்லயும் அந்தப் படம் இருந்துச்சும்மா. பார்த்துட்டேன்" என்றார் ஜூனியிடம்.

ஜூனியின் தோள்கள் தொய்ந்தன. இவ்வளவு பாடும் வீண் என்று மாரெனுக்குத் தோன்றியது.

அவர் மகளின் கையுறையைக் கழற்றி, கிழிந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம தெரு திரும்புற வரைக்கும் பயந்துகிட்டேதான் வந்தேன்" என்றார். "வாசலைப் பார்த்தா, ஒண்ணுமே இல்ல." எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுச் சூடாகக் கோகோ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். அதை ஒருவரும் சொல்லவில்லை.

அந்த வாரமே கல்லூரி அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. செய்தி வந்த அன்று மதிய உணவு நேரத்தில் பால் டப்பாவை யாரும் தொடவில்லை. ஜூனிதான் கடைசியில் எடுத்தாள்.

"சனிக்கிழமை ஆட்டத்துல அப்பா தடுப்பு முறையை மாத்தியிருக்கணும். வீட்லயே சொல்லிட்டேன்" என்றாள்.

மாரெனால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. டப்பாவைப் பிடுங்கி, மாற்றியிருந்தால் மூலையில் நின்று கூடைக்கு எறிகிறவனை யார் தடுப்பது என்று கேட்டு, மணி அடிக்கும் வரை பயிற்சியாளருக்காக வாதாடினாள். ஆனால் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஊர் அடுத்த பயிற்சியாளரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது.

சில நாள் கழித்து, ஒரு காலையில் மாரென் பள்ளிக்குப் போகும் வழியில் ஜூனி வீட்டு வாசலில் புதிதாக ஒரு பலகை நிற்பதைப் பார்த்தாள். 'வீடு விற்பனைக்கு.' அவளுக்கு ரத்தம் கொதித்தது. வேலையைப் பறித்த பிறகும் இவர்களுக்கு மனம் ஆறவில்லையா? பையைக் கீழே போட்டாள். மதியத்துக்கு வைத்திருந்த சுடச்சுட நூடுல்ஸ் சூப்பை ஃபிளாஸ்க்கோடு கவிழ்த்துக் கம்பியின் அடியில் ஊற்றினாள். இரண்டு கையாலும் ஆட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பலகை வந்துவிட்டது.

கதவு திறந்தது. ஜூனி பல் துலக்கும் பிரஷ்ஷோடு நின்றாள்.

"மாரென், அது நிஜப் பலகை" என்றாள். "அம்மாதான் வைக்கச் சொன்னாங்க. வசந்தகாலத்துல கிளம்புறோம்."

மாரென் கையில் பலகையோடு நின்றாள். காலடியில் நூடுல்ஸ் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஜூனி காலணியை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து பலகையின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

தரை மறுபடி இறுகுவதற்குள் நட்டாக வேண்டும். இருவரும் சேர்ந்து அதை அதே குழிகளில் வைத்து அழுத்தினார்கள். இடது பக்கம் சாய்ந்திருக்கிறது என்றாள் ஜூனி. இல்லை, வலது பக்கம் என்றாள் மாரென். அந்த வாதம் பள்ளி வாசல் வரை தீரவில்லை.