மேட் கறுப்பில் ஏறிய பளபளப்பு

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வாசலில் ஷூவைக் கழற்றும்போதே புலம்பத் தொடங்கிவிட்டார். அந்த ஷூவில் வாசல் விளக்கு அப்படியே தெரிந்தது. நிதானம் அதைப் பார்த்துவிட்டு, "முதல்ல உட்காருங்க" என்றார்.

நிதானம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. விபத்தில் சிக்கிய வண்டிகளை மதிப்பிடும் வேலையில் இருந்தபோது, தீப்பிடித்த லாரியைக்கூட ஆற அமரச் சுற்றிப் பார்த்ததற்காகச் சக ஊழியர்கள் சூட்டியது. ஓய்வு பெற்றபின் அக்கம்பக்கத்தார் வம்பு வழக்குகளை எல்லாம் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அவருடைய மனைவியின் தம்பிக்கு அவசரம் என்ற பெயரை யாரும் யோசித்து வைக்கவில்லை. அது தானாகவே ஒட்டிக்கொண்டது.

"சார், என் வேனை யாரோ கெடுக்கறாங்க. ஆபீஸ் ஆபீஸாப் போய்க் கண் டெஸ்ட் பண்ற வேன். ஆசை ஆசையா மேட் கறுப்புல வினைல் ஷீட்டு ஒட்டினேன். துளிகூடப் பளபளப்பு இருக்காது, சிலேட்டு மாதிரி இருக்கும். இப்போ இடது பக்கம் திட்டுத் திட்டா மின்னுது! ஒட்டின கடைக்காரர், 'யாரோ பாலிஷ் போட்டுத் தேய்ச்சிருக்காங்க, மேட் ஷீட்டுக்கு அது எமன், அந்தப் பக்கத்தை உரிச்சுட்டுப் புதுசுதான் ஒட்டணும்'னு கைய விரிச்சுட்டார்."

"யார் மேல சந்தேகம்?"

"வேற யாரு, டிரைவர்தான். போன மாசம் லேட்டா வந்தான்னு திட்டினேன். அந்தக் கடுப்பு. இன்னிக்கே சீட்டைக் கிழிச்சு அனுப்பியிருப்பேன். என் வீட்டுக்காரிதான், 'பிள்ளைகுட்டிக்காரன், விசாரிக்காம அவன் வயித்துல அடிக்காதீங்க'ன்னு உங்ககிட்ட அனுப்பினா."

"ஒரு குடும்பத்துச் சோறு. போய்ப் பார்த்துடுவோம்" என்று எழுந்தார் நிதானம். அவசரம் அதற்குள் தெருமுனைக்கே போய்விட்டான்.

வேன் கடைக்காரரின் வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவே நின்றது. வலது பக்கம் சமையலறை ஜன்னலைப் பார்த்திருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. சுவரைப் பார்த்த இடது பக்கத்தில்தான் வட்ட வட்டமாகப் பளபளப்பு. டயரிலிருந்து ஒரு ஆளின் இடுப்பு உயரம் வரை இருந்தது, அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

"ஜன்னலுக்குத் தெரியாத பக்கமாப் பார்த்துக் கை வெச்சிருக்கான், திருட்டுப் பய!" என்றான் அவசரம்.

நிதானம் குனிந்து முகர்ந்தார். மெழுகு வாசனை. சுவரோரத்து ஈரமண்ணில் வேன் நீளத்துக்கு நாலு நாலாகச் சின்னக் குழிகள் பதிந்திருந்தன.

"ஜாக்கி வெச்ச தடம் அத்தான்!"

"ஒரே இடத்துல நாலு ஜாக்கியா மாப்ள?"

அவசரம் குனிந்து குழிகளை மறுபடி எண்ணினான்.

எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். கதவின் பித்தளைக் கைப்பிடியில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போலிருந்தது. நாற்காலியில் இருந்த கடைக்காரரின் மாமனார், இரண்டு முட்டிகளையும் கையால் அழுத்தி எழுந்து, விருந்தாளிகளுக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். "அப்பா, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? சும்மா உட்காருங்கப்பா" என்று மகள் செம்பைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் நாற்காலிக்கே திரும்பினார்.

நெடுநெடுவென்று வளர்ந்த டிரைவர் நிலைப்படியில் இடிக்காமல் குனிந்து வந்தார். "வேனைக் கெடுத்தது நீதானே? உன் வேலை போச்சு" என்று கடைக்காரர் சீறியதும், ஒரு கணம் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைக் கவிழ்த்தார். "நான்தாங்க செஞ்சேன். முதலாளி மன்னிக்கணும்."

"பார்த்தீங்களா அத்தான்!" அவசரம் துள்ளினான்.

"எதைப் போட்டுத் தேய்ச்சீங்க?" என்று கேட்டார் நிதானம்.

"அது... ஷாம்பூங்க. அழுத்தித் தேய்ச்சுட்டேன்."

நிதானம் சிரித்தார். "இவர் செய்யல. வேன்ல அடிக்கறது மெழுகு வாசனை, ஷாம்பூ இல்ல. செஞ்சவருக்குத் தான் எதைத் தொட்டோம்னாவது தெரியும். இவ்வளவு உயரமான மனுஷன் தேய்ச்சிருந்தா பளபளப்பு கூரை வரைக்கும் போயிருக்கும். இது இடுப்போட நிக்குது, ஏன்னா தேய்ச்சவர் உட்கார்ந்து தேய்ச்சிருக்கார். மண்ணுல இருக்கறது ஸ்டூல் கால் தடம். அவரால குந்தி உட்கார முடியாது. கோபத்துல கெடுக்கறவன் ஒரு கீறு கீறிட்டு ஓடுவான், ஸ்டூல் போட்டு வட்ட வட்டமாத் தேய்ச்சுக்கிட்டிருக்க மாட்டான். ஜன்னலுக்கு மறைவா ஏன் செஞ்சார்? பார்த்தா, 'சும்மா உட்காருங்க'ன்னு ஒருத்தர் சொல்லிடுவாங்க. இந்த வீட்டுல ஷூவிலேருந்து கைப்பிடி வரைக்கும் மின்னுதே, அதெல்லாம் யார் கை?"

மாமனார் மெல்ல எழுந்தார்.

"நான்தான் மாப்பிள்ளை. மக வீட்டுல சும்மா உட்கார்ந்து சாப்பிடறது தொண்டையில இறங்கல. புது வேன் மங்கிப்போச்சேன்னு ஷூ பாலிஷ் போட்டேன். சத்தியமா, மங்கலா இருக்கறதுதான் அழகுன்னு எனக்குத் தெரியாது. நீங்க கத்தின அன்னிக்குத்தான் புரிஞ்சுது. வாய் திறக்கக் கூச்சமா இருந்துச்சு. இவரை வேலையை விட்டு அனுப்பப் போறீங்கன்னு இப்பத்தான் தெரியும். சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள இவர் முந்திக்கிட்டார்."

மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவசரத்துக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. "அண்ணே, வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்று டிரைவரிடம் சொன்னான்.

கடைக்காரர் டிரைவரைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"ஒரு நாள் சீக்கிரமா வந்தப்போ பார்த்தேங்க. பாட்டுப் பாடிக்கிட்டே தேய்ச்சுக்கிட்டிருந்தார். கெடுதல்னு எனக்கும் அப்போ தெரியாது."

"தெரிஞ்ச பிறகாவது சொல்லியிருக்கலாமே! வேலையே போயிருக்குமே!"

"எனக்கு வேற வண்டி கிடைக்கும் முதலாளி. அவருக்கு வேற மக வீடு இருக்குதுங்களா?"

ஊருக்கெல்லாம் பார்வை சோதிக்கிறவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தும் பிரயோசனமில்லை, நனைந்திருந்தது கண்.

"மாமா, ஷீட்டு போனா வேற ஷீட்டு. நாளையிலேருந்து வேன் கழுவற பொறுப்பு உங்களோடது. ஜன்னல் பக்கமாவே உட்கார்ந்து செய்யுங்க. மெத்துன்னு ஒரு துணி, வண்டி ஷாம்பூ கலந்த தண்ணி, வெயில் படாத நிழல், அவ்வளவுதான். பாலிஷ் கீலிஷ்னு வேனுக்கு ஒண்ணும் வேணாம்."

பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாக "வாடா, போடா" என்று கூப்பிட்டுப் பழகிய நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

"நீங்களும் உட்காருங்க. எங்களோட சாப்பிட்டுட்டுப் போகலாம்."

டிரைவர் தயங்கி நின்றார். மாமனார் அவர் கையைப் பிடித்து இழுத்து, தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.