இருபத்தோரு வாய்

ரேடியோவில் ஓடியது ஒரு பாட்டு. ராஜ்மோகன் முணுமுணுத்தது வேறொன்று.

தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டே அன்புக்கரசி கேட்டாள். முதல் வரியை அவள் கணவன் சரியாகத்தான் பிடித்தான். இரண்டாம் வரியில் மெட்டு நைசாக விலகி, பழகிய சந்துக்குள் திரும்புகிற ஆட்டோ மாதிரி வேறெங்கோ போனது. நாலு சுற்றுச் சுற்றி மேலே ஏறியது. இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல், மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுத்து நின்றது.

"என்னாங்க பாட்டு அது?"

"எது?"

"இப்ப பாடினீங்களே."

அவன் முகம் இளகியது. "அதுவா... இந்தப் பாட்டக் கேட்டா அது ஞாபகம் வந்துடுது. படப் பாட்டு இல்ல. பானு அவளா கட்டினது. பொம்மையத் தேய்க்கும்போது பாடிக்கிட்டே இருப்பா."

பானுமதி அவனுடைய முதல் மனைவி. மூன்று வருஷத்துக்கு முன் நாலே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். அன்புக்கரசி இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் எந்தப் பாட்டும் அவனுக்குள் போய் அந்தப் பாட்டாகத்தான் நின்றது. பஸ்ஸில் ஒரு குத்துப் பாட்டு போட்டால் அவனுக்கு ஜங்ஷன் மூன்றாவது பிளாட்பாரம் ஞாபகம் வரும். மழையில் அங்கே நின்றபோது பானு தன் டீயை ஆற்றி அவனுக்குக் கொடுத்தது ஞாபகம் வரும். பக்கத்து வீட்டு டிவியில் தாலாட்டு வந்தால், பிறக்காமலே போன குழந்தைக்கு அவள் தைத்த சட்டை ஞாபகம் வரும். பானுவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவன் வாயில் தானாக ஒரு 'டி' வரும். 'ஏண்டி பானுன்னு கூப்ட்டா திரும்பிப் பாக்கவே மாட்டா' என்பான். அன்புக்கரசியை அவன் ஒருநாளும் 'டி' போட்டதில்லை. மரியாதையாக, "அன்பு, சாப்பாடு எடுத்து வைம்மா" என்பான்.

செத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது கேவலம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வயிறெரிந்தாள்.

அவளுக்கும் ஒரு பாட்டு இருந்தது. கருவேப்பிலங்குறிச்சியில் அப்பா கோவிந்தசாமி அவளை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து வரப்போரம் மிதிக்கும்போது பாடியது. அதை நினைத்தாலே அப்பாவின் முதுகு வேர்வையும், ஈரச் சாக்கின் வாடையும், செயின் கவர் கடகடக்கிற சத்தமும் வந்துவிடும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அதை அவனிடம் பாடிக்காட்டினாள். கேட்டுவிட்டு, "ம். இதே மாதிரி பானு ஒண்ணு பாடுவா" என்றான்.

வீட்டுக்குப் பின்னால்தான் பட்டறை. அச்சுகள், களிமண் கூழ்த் தொட்டி, ஒரு சின்ன கேஸ் சூளை. ஆடி மாதம், கொலு ஆர்டர் குவிந்து கிடந்தது. மேற்குக் காற்று கூரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் புகுந்து, மண் தூசியைக் கிளப்பி, காயவைத்த பிள்ளையார்களின் தும்பிக்கைகளைத் தடவி, கடைசியில் மூலை அலமாரியை எட்டும்போது, அங்கிருந்து மெல்லிய ஓர் 'ம்ம்ம்' கிளம்பும்.

அந்த அலமாரியில் இருபத்தோரு பெண் பொம்மைகள். கச்சேரி செட்டில் நடுவில் உட்காரும் பாட்டுக்காரிகள். பானுமதி கடைசியாகச் செய்தவை. சுடாத பச்சை மண்ணாகவே மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தன. ராஜ்மோகன் அவற்றைச் சூளையில் வைக்க விடவில்லை.

"அதுங்கதாம்மா முனகுதுங்க," என்றாள் வீரம்மாள். இருபது வருஷமாகப் பட்டறையில் வேலை செய்கிறவள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஒட்டுக் கோட்டை ஈரப் பஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள பொக்கையா இருக்கிற பொம்மைக்கு அடியில ஒரு ஓட்ட உடுவோம் இல்ல? மூடிட்டா சூளையில டப்புனு வெடிச்சிடும். அந்தம்மா இதுங்களுக்கு மட்டும் அடிய மூடிட்டு வாயில ஓட்ட போட்டாங்க. பாடுறவளுக்கு வாயி தொறந்திருக்கணும்னு சொல்லுவாங்க. காத்து பட்டா சத்தம் வருது. வேற ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு வீரம்மாள் முணுமுணுத்தாள். நாலு சுற்று. உள்ளிழுத்த மூச்சு.

"அக்கா, அத நிறுத்துங்க."

"எத?" என்றாள் வீரம்மாள், உண்மையிலேயே தெரியாமல்.

அடுத்த வாரம் ஆர்டர் விஷயமாக ராஜ்மோகன் ரயிலேறி சென்னைக்குப் போனான். மத்தியானம் வீரம்மாள் சாப்பிடப் போனதும் அன்புக்கரசி பட்டறைக் கதவைச் சாத்தினாள். வெயில் கூரைத் தகட்டைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பொம்மையாக எடுத்து மடியில் வைத்து, விரலில் ஈர மண் தொட்டு, அந்தச் சின்ன வாயில் அழுத்தினாள். அழுத்தும்போது விரல் நுனியில் லேசாகக் காற்றுப் பட்டது. வெளியிலிருந்து உள்ளே போகிற காற்று இல்லை. உள்ளிருந்து வருகிற காற்று, வெதுவெதுப்பாக இருந்தது. அவள் நிறுத்தவில்லை. மனசு குளிர்ந்தது. இருபத்தோரு வாயையும் அடைத்து, சூளையின் மேல் தட்டில் அடுக்கினாள்.

மூடினால் வெடிக்கும் என்பது அந்தப் பட்டறையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். வெடிக்கட்டும் என்றுதான் செய்தாள். உள்ளே இருப்பது எங்கே போகும் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

மேல் தட்டைப் பார்க்காமலே வீரம்மாள் சூளையைப் பற்றவைத்தாள். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு முதல் சத்தம் கேட்டது. டப். பிறகு ஒன்று. அன்புக்கரசி வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்று எண்ணினாள். இருபத்தொன்று.

மறுநாள் சூளையைத் திறந்தபோது மேல் தட்டில் உடைந்த ஓடுதான் கிடந்தது. வீரம்மாள் மார்பில் கை வைத்துக்கொண்டாள். அன்புக்கரசி ஓடுகளை வாரிக் கூடையில் கொட்டிப் பின்பக்கக் குழியில் போட்டாள். அலமாரி காலியாக இருந்தது. காற்று அடித்தது. அந்த 'ம்ம்ம்' இல்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ராஜ்மோகன் அன்று மத்தியானம் வந்தான். காலி அலமாரியைப் பார்த்தான். அவள் பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். தவறுதலா மாறிப் போச்சுங்க, வீரம்மாக்கா பாக்கல...

அவன் கேட்கவே இல்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். சிரித்தான்.

அப்போதுதான் அவள் தெருமுனை அம்மன் கோயில் ஸ்பீக்கரைக் கவனித்தாள். கூழ் ஊற்றுகிற வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே அம்மன் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. உடுக்கை அதே உடுக்கைதான். முதல் வரி அதேதான். இரண்டாம் வரி விலகியது. நாலு சுற்றுச் சுற்றி ஏறியது. தெரு முழுக்கக் கேட்கும்படி ஸ்பீக்கர் மூச்சை உள்ளே இழுத்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூழுக்கு நின்ற வரிசை அசையாமல் நின்றது.

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவனின் போன் அடித்தது. அதே மெட்டு. ஸ்கூல் வேனிலிருந்து இறங்கிய பிள்ளைகள் கை தட்டிப் பாடிக்கொண்டு போனார்கள். அதே மெட்டு. ராஜ்மோகன் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு, கண்ணை மூடி, தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். கல்யாணப் போட்டோவில்கூட அவன் முகம் அத்தனை சந்தோஷமாக இல்லை.

அவள் உள்ளே ஓடினாள். தனக்கென்று இருந்த ஒரே பாட்டையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, சைக்கிள்ல போறப்ப பாடுவியே, அத ஒரு தடவ பாடுப்பா."

"இப்ப என்னாத்துக்கும்மா? கழனியில நிக்கிறேன்."

"பாடுப்பா."

கோவிந்தசாமி செருமிக்கொண்டு தொடங்கினார். முதல் வரி. அதே குரல், அதே இழுவை. செயின் கவரின் கடகடப்பு எங்கோ கேட்கத் தொடங்கியது. இரண்டாம் வரி...

விலகியது.

"அப்பா, அது இல்லப்பா!"

"இதாம்மா. எனக்குத் தெரியாதா? நல்லூர் சந்தைக்குப் போறப்ப, செவப்புக் கவுனு போட்டுக்கிட்டு நீ பின்னாடி குந்திக்கிட்டு வருவியே." அப்பா சிரித்தார். "பொம்ம வாங்கிக் குடுன்னு அழுவியே, பானு."

அவள் போனைக் கீழே வைத்தாள். நல்லூர் பானுமதியின் ஊர். அன்புக்கரசி சிவப்புக் கவுன் போட்டதே இல்லை.

சாயங்காலம் கரண்ட் போனது. ஸ்பீக்கர் அடங்கியது. பட்டறையில் மண் வாடை. கூழ்த் தொட்டியில் ஒரு குமிழி வெடித்தது. அன்புக்கரசி தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து தன் பாட்டைத் தானே பாடிப் பார்த்தாள். மெதுவாக. ஒவ்வொரு சொல்லாக.

முதல் வரி வந்தது.

இரண்டாம் வரியில் மழை. ஜங்ஷன். மூன்றாவது பிளாட்பாரம். கையில் டீ டம்ளரின் சூடு. பக்கத்தில் ராஜ்மோகன், மீசை அரும்பிய வயசில், அவளையே பார்த்துக்கொண்டு.

அப்பாவின் முதுகு வரவில்லை. சாக்கின் வாடை வரவில்லை. அப்பாவின் முகமே வரவில்லை.

வாயை மூடினாள். மெட்டு நிற்கவில்லை. கையால் பொத்தினாள். விரலிடுக்கில் கசிந்தது. தொட்டியில் கை விட்டு மண்ணை அள்ளினாள். வாய்க்குள் திணித்தாள். இன்னும். நாக்குக்கு மேலே, கன்னத்துக்குள். உதட்டின் மேல் அப்பினாள். ஈரப் பஞ்சை எடுத்துத் தேய்த்தாள். ஒட்டுக் கோடு தெரியாமல். வீரம்மாள் சொல்லிக்கொடுத்தபடி.

வெளியே அமைதி.

உள்ளே, நெஞ்சுக்கூட்டில், நாலு சுற்று. மேலே. இன்னும் மேலே. போக வழியில்லாமல். சூடாக.

பட்டறைக் கதவு திறந்தது. ராஜ்மோகன் அரையிருட்டில் தடவிக்கொண்டு வந்தான். அவள் முன்னால் மண்டியிட்டான். அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டான். வெகுநேரம் கேட்டான்.

"ஏண்டி," என்றான். "மூடி வெச்சா வெடிச்சிடும்டி. உனக்குத் தெரியாததா?"

மேசையிலிருந்து ஓட்டை போடும் கம்பியை எடுத்தான். நுனியைக் கட்டைவிரலில் பதம் பார்த்தான். கைலியில் துடைத்தான்.

"சின்னதா ஒண்ணு போதும். அசையாத."

அவள் ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மாதமாக அவள் ஏங்கிக் கிடந்த பார்வை அது. இடது கையால் அவள் மோவாயை ஏந்தினான், பச்சை மண்ணைத் தொடுகிறவன் தொடுவதுபோல.

அன்புக்கரசி முகத்தை நிமிர்த்திக் கொடுத்தாள்.