துளை போடாத விரிசல்

காலையில் இன்ஜின் கேஸின் விரிசல் போல்ட் ஓட்டைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தது. மதியழகன் அதை நன்றாகப் பார்த்திருந்தான். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தூவினால் போதும். உள்ளே பதுங்கிய ஈரம் கசிந்து, வெள்ளையில் கறுப்புக் கோடாக விரிசல் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். இப்போது, மழை மூட்டத்தில் சீக்கிரமே இருட்டிவிட்ட சாயங்காலத்தில், அந்தக் கோடு போல்ட் ஓட்டையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தது. கேஸை யாரும் தொடவில்லை.

வயசாகுதுடா உனக்கு, கண்ணாடி போடு என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டான். சிரிப்பு வரவில்லை.

பழைய புல்லட் ஒன்றின் அலுமினிய இன்ஜின் கேஸ் அது. கொண்டுவந்தவர் ஆம்பூரிலேயே தோல் வியாபாரம் செய்யும் நயீம் அகமது. அவருடைய அண்ணன் ரஷீத் ஓட்டிய வண்டி. அண்ணன் இறந்தபின் குடோனில் தோல் கட்டுகளுக்கு நடுவே கிடந்திருக்கிறது. கேஸில் விரிசல் நெடுகச் சின்னச் சின்னத் துளைகள். விரிசல் மேற்கொண்டு ஓடாமலிருக்க, அதன் முனையில் ஒரு துளை போட்டுவிட்டுத்தான் வெல்டிங் வைக்க வேண்டும். தொழில் தெரிந்த யாரும் அப்படித்தான் செய்வார்கள். இதிலோ ஒவ்வொரு துளையையும் தாண்டி விரிசல் போயிருந்தது.

"இத்தனை பேர் கை வச்சிருக்காங்களா பாய்?" என்று கொண்டுவந்த அன்றைக்கே மதியழகன் கேட்டான்.

"எல்லாம் எங்க அண்ணன் போட்டதுதான். வெல்டிங் மட்டும் வைக்க விடமாட்டாரு. அது ஓடும், இவரு தொளை போடுவாரு. கொஞ்ச நாள் நிக்கும். சாவுற வரைக்கும் அதே பேஜார்தான்." நயீம் கேஸைப் பார்க்காமலே பேசினார். "நீ அடைச்சுக் குடு மதி. வித்துட்டு நிம்மதியா இருக்கேன்."

மதியழகன் பர்னரைப் பற்றவைத்துக் கேஸைச் சூடேற்றினான். பழைய அலுமினியம் குடித்த எண்ணெயையெல்லாம் சூட்டில் கக்கும். கக்கக் கக்கத் துடைக்க வேண்டும். இது கக்கியதில் எண்ணெய் வாடை இல்லை. பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பில் லாரியிலிருந்து பச்சைத் தோலை இறக்கும்போது வருமே, மயிரும் உப்பும் கொழுப்புமாய், அந்த வாடை. அங்கிருந்துதான் காற்றில் வருகிறது என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது. அந்த ஷாப்பில் தோலைப் போட்டுச் சுற்றும் மர டிரம்கள் உருளும் சத்தம் சுவருக்கு அப்பால் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. கதவுத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து சௌம்யா கூப்பிட்டாள்.

"இன்னாங்க, பாப்பாவுக்குத் தண்ணி ஊத்திட்டேன். பவுடர் போட வர்றீங்களா, நானே போட்டுடட்டுமா?"

மகள் இதழினிக்குப் பவுடர் போடுவது அவன் வேலை. கல்யாணமாகி வெகுநாள் காத்திருந்து பிறந்த குழந்தை. பவுடர் டப்பாவைப் பார்த்தாலே கையைக் காலை உதைத்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காக அவன் எந்த வேலையையும் போட்டுவிட்டு ஓடுவான்.

"தோ வர்றேன்!"

துளை போடுவதற்கு முனையைத் தேடினான். ஓரிடத்தில் டிரில்லை வைத்தான். அதற்குள் முனை அங்கே இல்லை. சற்றுத் தள்ளி வைத்தான். அங்கேயும் இல்லை. எரிச்சல் வந்தது. ஒரு துளை போடாவிட்டால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது? தொழிலுக்கு வந்த நாள்முதல் செய்யாததை அன்று செய்தான். துளை போடாமலே வெல்டிங்குக்கான ஆர்கான் வாயுவைத் திறந்து, விரிசலை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அடைத்துவிட்டான்.

அழகாகத்தான் வந்திருந்தது வெல்டிங்.

முகமூடியைக் கழற்றியபோது டிரம் சத்தம் நின்றிருந்தது.

டிக்.

ஆறுகிற உலோகம் அப்படிச் சொடுக்கும். வழக்கந்தான். ஆனால் சத்தம் கேஸிலிருந்து வரவில்லை. கேஸை வைத்திருந்த மேஜையின் இரும்புத் தகட்டிலிருந்து வந்தது. குனிந்து பார்த்தான். தகட்டில் மயிரிழை மாதிரி ஒரு கோடு, ஈரமாக.

டிக்.

மேஜைக் காலில்.

டிக்.

சிமெண்ட் தரையில், அவன் சிந்திய சாக்பீஸ் தூளில், கறுப்பாக ஊறியது. பச்சைத் தோல் வாடை. தோல் ஷாப்பிலிருந்து அல்ல. காலடியிலிருந்து.

பேட்டரி டிரில்லை எடுத்துக்கொண்டு மண்டியிட்டான். முனையில் வைத்து அழுத்தினான். சிமெண்ட் பொடி பறந்தது. கோடு வளைந்து துளையைச் சுற்றிக்கொண்டு போனது. இன்னொரு துளை. அதையும் சுற்றியது. கோடு அவசரப்படவில்லை. போகிற இடம் தெரிந்ததுபோல் போனது.

வாசற்படி. திரை. திரைக்குக் கீழே.

"சௌம்யா! பாப்பாவத் தூக்கு!"

டிரில் இரைச்சலில் அது உள்ளே கேட்டதோ இல்லையோ. திரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

தரையில் விரித்த துண்டில் இதழினி மல்லாந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வெள்ளையாகப் பவுடர். கோடு துண்டுக்கு அடியில் போய் மறைந்திருந்தது. சௌம்யா டப்பாவும் கையுமாக, குழப்பத்தோடு நிமிர்ந்தாள்.

"எவ்ளோ போட்டாலும் இங்க மட்டும் ஈரம் வருதுங்க. இன்னான்னு பாருங்களேன்."

வெள்ளைப் பவுடரில், தொப்புளுக்கு மேலே, மயிரிழை அளவில் ஒரு கறுப்புக் கோடு.

குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தது.

டிக்.

கோடு நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் ஏறியது.

அதை நிறுத்த மதியழகனுக்கு ஒரே வழிதான் தெரியும். கையில் டிரில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.