பேருந்து வருமுன் எழுதிய எண்

அஸ்தம்பட்டியில் துப்பறிவாளர் கோகிலவாணியின் அலுவலகத்துக்கு அன்று இருவர் வந்தனர். ஒருவர், பேருந்து நிலையங்களில் பயணிகளைக் கணக்கெடுக்கும் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் ரமேஷ்குமார், சென்னைக்காரர். மற்றவள் அவரிடம் கணக்கெடுப்பாளராக வேலை பார்க்கும் மதுமதி. பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொள்ளும் கடிதத்தில் அவள் கையெழுத்திட மறுத்திருந்தாள். பழி நிலைத்துவிட்டால் வேலை போகும். வேறு எந்த நிறுவனமும் அவளைச் சேர்க்காது.

உதவியாளர் கலையரசன் ஆர்வத்தோடு காணொளியை ஓடவிட்டார். ஆட்டையாம்பட்டி செல்லும் காலை எட்டேகால் பேருந்துக்கான நடைமேடை. மதுமதி நாற்காலியில் இருக்கிறாள். பார்வை இடப்பக்கம் எங்கோ இருக்கிறது. தாளில் எழுதுகிறாள். அதன் பிறகே பேருந்து படத்துக்குள் நுழைகிறது. சன்னல்களில் முகங்கள், ஒரு சன்னலில் பச்சைத் துண்டு தொங்குகிறது. ஒரு கர்ப்பிணி, ஊன்றுகோலோடு ஒரு முதியவர், குழந்தைகளை இழுத்துக்கொண்டு சிலர் எனப் பதினொரு பேர் ஏறுகிறார்கள்.

"கேமராவில் பதினொன்னு. இவங்க தாளில் நாற்பத்து மூணு. அதுவும் வண்டி வரும் முன்னாடியே எழுதியாச்சு," என்றார் ரமேஷ்குமார்.

"ஏனுங்க, ஏறுனதுக்கு அப்பறந்தானுங்க எழுதுனேன்."

"கேட்டீங்களா? வண்டியே வரல, அதுக்குள்ள ஏறிட்டாங்களாம்!"

கலையரசனுக்கு அவளை நம்ப ஆசை. கண்ணெதிரே தெரிந்த காட்சியோ விடவில்லை. "முந்தின நாள் எண்ணைப் பார்த்து எழுதியிருப்பாங்களோ மேடம்?"

"ஜோசியத்தைக் கொஞ்சம் நிறுத்துங்க, கலை," என்ற கோகிலவாணி ரமேஷ்குமாரிடம் திரும்பினார். "இந்த வண்டி எங்கிருந்துங்க வருது?"

"டெப்போவிலிருந்து காலியா வரும். புறப்படுறதே இங்கிருந்துதான்."

"காலியாங்களா?" என்றார் கோகிலவாணி.

மறுநாள் காலை மூவரையும் அவர் நிலையத்தின் நுழைவாயில் வளைவுக்கு அழைத்துச் சென்றார். பேருந்து வேகத்தடையில் தளர்ந்ததுதான் தாமதம், தறிப்பட்டறைக்குச் செல்லும் பெண்களும் கல்லூரி மாணவர்களும் ஓடிப் படிகளைப் பற்றினார்கள். சன்னல் வழியே துண்டும் சாப்பாட்டுப் பையும் பறந்தன. "பாவாயி, எனக்கொரு சீட்டுப் புடி!" என்றது ஒரு குரல். ரமேஷ்குமாரை முழங்கையால் ஒதுக்கிய ஒருத்தி, "ஏறறதுன்னா ஏறுங்க, செலையாட்ட வழியில நிக்காதீங்க!" என்று தாவினாள். ஒரு நிமிடத்தில் இருக்கைகள் நிரம்பின.

"காலி வண்டியின் சன்னலில் முகங்கள் எப்படிங்க வந்துச்சு?" என்றார் கோகிலவாணி. "துண்டு போட்டு இடம் பிடிச்சது யாரு? இந்தப் பொண்ணு வேடிக்கை பார்க்கலை. நாற்காலியில் இருந்தபடி இந்த வளைவைத்தான் பார்த்திருக்கு. உங்க கேமராவுக்கு இது எட்டாது."

ரமேஷ்குமார் திகைத்தார். "இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

"இதச் சொல்லோணும்னே தோணலீங்க. சீட்டு வேணும்னா இங்கதானுங்க ஏறோணும். எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்."

ரமேஷ்குமார் கடிதத்தைக் கிழித்தெறிந்தார். "மன்னிச்சிடும்மா. உன் கணக்கு சரி."

"சரியில்லைங்க," என்றார் கோகிலவாணி, குரல் உயர்த்தாமல். "நாற்பத்து மூணும் பொய்யில்லை, பதினொன்னும் பொய்யில்லை. ரெண்டும் வேற வேற ஆட்கள். மொத்தம் ஐம்பத்து நாலு. வளைவில் ஏறினவங்களை எழுதினதும் மதுமதி பேனாவை மூடிடுச்சு."

கலையரசன் மதுமதியைப் பார்த்தார். பழி நீங்கிய முகமாக அது இல்லை.

"ஓட முடிஞ்சவங்கள மட்டுமே எண்ணியிருக்கறனுங்க," என்றாள் மெல்ல. "கணக்கெடுத்த ஏழு நாளும்."

"விடும்மா, வேலை உனக்கு இருக்கு," என்றார் ரமேஷ்குமார். அவள் நிற்கவில்லை. நடைமேடையில் புறப்படக் காத்திருந்த பேருந்தை நோக்கி, அன்றைய தாளோடு விரைந்தாள். கலையரசன் பின்தொடர்ந்தார். படியேறியவள், நடைமேடையில் ஏறியவர்கள் யார் என்று ஒருவரையும் கேட்கவில்லை. இருக்கை கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தவர்களை மட்டும் எண்ணி எழுதினாள்.