நீலக் குளத்தின் தாகம்

மூன்றாவதாக ஓர் உறிஞ்சல் கேட்டது. மேசையில் இருந்ததோ இரண்டு பேர்.

எர்மிந்தா தலை நிமிரவில்லை. வெந்நீர் ஊற்றிக் குடிக்கும் மாத்தே இலையின் கசப்பு வாசம், ஜன்னல் வழியே ஏறிவரும் ஏரியின் பாசி நாற்றம், அந்தி மங்கலில் சுவரெங்கும் நீளும் நாற்காலி நிழல்கள், எல்லாம் எப்போதும்போலத்தான். எப்போதும்போல அவள் கணவன் ஓவிதியோ ஒரே சுரைக்குடுவையில் ஊற்றி, வெள்ளிக் குழலால் தான் குடித்து, மறுபடி நிரப்பி அவளுக்குக் கொடுத்தான். பிறகு இன்னொரு முறை நிரப்பி, காலி நாற்காலியின் முன்னால் வைத்தான். குடுவை வற்றியது.

"யாருக்கு அது?"

"அவளுக்கு."

அணுமின் நிலையத்தில், எரிந்து முடிந்த எரிபொருள் தண்டுகளை மூழ்கவைத்திருக்கும் குளத்தைக் கவனிப்பது அவன் வேலை. தண்ணீருக்கடியில் நீலமாக ஓர் ஒளி நிற்கும் என்று கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறான். சமீபமாக அந்த ஒளி 'அவள்' ஆகிவிட்டது.

"உலையை விட்டு வெளிய எடுத்தாச்சே, இன்னும் என்ன வேணுமாம் உன் மகாராணிக்கு?"

"அணு பிளக்குற சங்கிலி வினை நின்னாலும் உள்சூடு அடங்காது, எர்மி. பாதியாகும், அதுலயும் பாதியாகும், சுத்தமாத் தீராது. தண்ணி குறைஞ்சா துடிச்சுப் போயிடுவா."

"நான் ஜுரத்துல கிடந்தப்ப ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தியாடா நீ?"

அவன் சிரித்தான். நாற்காலியைப் பார்த்துச் சிரித்தான்.

அடுத்த குடுவை தன் கைக்கு வந்ததும் எர்மிந்தா உறிஞ்சிவிட்டு வெடுக்கென்று நீட்டினாள். "நன்றி."

மாத்தே சுற்றில் நன்றி சொன்னவருக்கு அப்புறம் ஊற்ற மாட்டார்கள். எழுந்து வந்து கெஞ்சுவான் என்று நினைத்தாள்.

ஓவிதியோ நாற்காலிக்கு ஊற்றினான். தனக்கு ஊற்றினான். மறுபடியும் நாற்காலிக்கு.

"ஓவி, கோபத்துல சொல்லிட்டேன். எனக்கும் ஊத்து."

அவன் பார்வை அவளை ஊடுருவிச் சுவரில் போய் நின்றது.

கெட்டில் காலியானது. எர்மிந்தா ஓடிப்போய்க் குழாயைத் திறந்தாள். வெறும் காற்று. ஜாடியில் பூக்கள் சருகாகியிருந்தன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

நாற்காலி முனகியது. அதன் மேலே நீலம் கசிந்தது. நீலத்தில் ஒரு வெடிப்பு, உதடுபோல, மெல்லத் திறந்தது.

"தண்ணி தீர்ந்துடுச்சு, தங்கம்," என்றான் ஓவிதியோ. அந்தக் குரலில் அவன் எர்மிந்தாவிடம் ஒருநாளும் பேசியதில்லை. "கொஞ்சம் இரு."

சட்டைக் கையை மடித்தான். மணிக்கட்டை நீட்டினான்.

உறிஞ்சல்.

அவன் கன்னம் குழிந்தது. விரல்கள் சுள்ளியாயின.

எர்மிந்தா பாய்ந்து, அவன் கைக்கு மேலே தன் கையை வைத்தாள். "என்னை எடுத்துக்கோடி! என்னை!"

நீலம் அவள் கையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது. நன்றி சொல்லிவிட்ட அவள் சுற்றில் இல்லை.

உறிஞ்சல். உறிஞ்சல்.

கண் மூடி, தோல் எலும்போடு ஒட்டி, மணப்பெண்ணிடம் குனியும் மாப்பிள்ளைபோல அவன் அந்த உதட்டை நோக்கிச் சாய்ந்துகொண்டே போனான்.