காலிக் குப்பிகள்

பூட்டியிருந்த விஷமுறிவு அலமாரிக்குள் ஒரு காலிக் குப்பி நின்றுகொண்டிருந்தது. கழுத்து உடைந்து, ஈரம் சொட்டச் சொட்ட. அலமாரியைத் துடைத்துப் பூட்டியவள் மருந்தாளரான அவள்தான். சாவி அவளுடைய வெள்ளைக் கோட்டுப் பையில் கிடந்தது. குளிர்சாதனத்தின் உறுமல், மேல்தளத்தில் உருளும் கட்டில் சக்கரங்களின் கிறீச்சல், அட்டைப்பெட்டிகளின் பழகிய வாசனை, இவை எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்தது போன்ற ஒரு நெடி அந்த நிலவறை மருந்தகத்துக்குள் மெல்லக் கசிந்தது. பூச்சிமருந்து உள்ளே போனவர்களின் மூச்சில் வரும் நெடி.

போன வாரம் ஒரு தோட்டக்காரர் அந்த நெடியோடுதான் வந்தார். பாதியிலேயே விஷமுறிவு மருந்து தீர்ந்துபோனது; அவரும் போய்விட்டார். புதிதாக வாங்கக் கேட்டபோது மருத்துவமனை மேலாளர், காலிக் குப்பிகள் திரும்பி வந்தால்தான் கையெழுத்து என்றார். உயிரைப் பிடித்து நிறுத்தும் அவசரத்தில் உடைத்து எறிந்த கண்ணாடியை யார் பொறுக்கி வைப்பார்கள்?

தொலைபேசி அடித்தது. அவசரப் பிரிவு டாக்டர்.

"நம்ம சலவை அக்கா. துணி அறையில மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிக்கச் சொல்லியிருக்காங்க. ஜன்னல் கூட இல்லாத ரூம்ல! மயங்கி விழுந்துட்டாங்க. விஷமுறிவு அனுப்புங்க."

"இருந்தா அனுப்ப மாட்டேனா டாக்டர்?"

காலையில்தான் அக்கா இந்தக் கோட்டை நீட்டிச் சிரித்தாள். "உன் மாமியார் மூஞ்சி மாதிரி விறைப்பா தேச்சிருக்கேன் தங்கச்சி, பார்த்து உட்காரு!"

அவள் ஓடினாள். கண் பிரிவில் கண்மணியை விரிக்கப் போடும் சொட்டுகளிலும் அதே மருந்துதான். இருந்த புட்டிகளையெல்லாம் வாரிக்கொண்டு போய், அக்காவின் நாக்குக்கு அடியில் விடச் சொன்னாள். நுரை தள்ளும் வாயைப் பார்க்க முடியவில்லை.

"இது கொஞ்ச நேரம்தான் தாங்கும். மருந்தகத்துல மேலாளரோட இரும்புப் பெட்டியில ஒரு அட்டை மருந்து இருக்கு. பெரிய மனுஷங்க வர்ற அன்னைக்குன்னு பூட்டி வெச்சிருக்கார்," என்றாள் டாக்டரிடம்.

மேலாளரை வரச்சொல்லிவிட்டுக் கீழே வந்தாள். அலமாரியில் இப்போது ஒரு வரிசை நிறையக் குப்பிகள்.

டிக்.

இன்னொன்று வந்து நின்றது.

மேலாளர் சாவிக்கொத்தைச் சுழற்றியபடி நுழைந்தார். "கண் பிரிவையே காலி பண்ணிட்டீங்களாமே? சரி, காலிக் குப்பி எங்கம்மா? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அங்க ஒரு உயிர் போயிட்டிருக்கு சார்!"

"உணர்ச்சிவசப்பட்டா நிர்வாகம் நடக்குமா?"

அவளுக்குள் இருந்த பயத்தைக் கோபம் எரித்துவிட்டது. "அலமாரியில இருக்கு. எண்ணிக்கோங்க."

அவர் குனிந்தார். கண்ணாடிக்குப் பின்னால் வரிசைக்கு மேல் வரிசை. விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். நெற்றி வேர்த்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. எண்ணுவதை அவரால் நிறுத்த முடியவில்லை. எண்ண எண்ண, டிக், டிக் என்று வந்துகொண்டே இருந்தன.

சாவிக்கொத்து நழுவி விழுந்தது.

அவள் எடுத்தாள். இரும்புப் பெட்டியைத் திறந்தாள். நிறைந்த குப்பிகள். உலர்ந்தவை. அட்டையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டாள். தொலைபேசி விடாமல் அலறியது. அக்கா. சீக்கிரம்.

வாசலில் அவர்.

கண்ணீர் வழிந்தது. கண்மணிகள் ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தன. நெடி. ஒரு கை அவள் அட்டையை நோக்கி நீண்டது.

"எனக்கு..."

"வழி விடுங்க சார்."

இடித்துக்கொண்டு வெளியேறினாள். படியில் கால் வைத்தாள். பின்னால், டிக்.

திரும்பியிருக்கக் கூடாது.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்திருந்தார். எச்சில் கயிறாய்த் தொங்கியது. மேல் ஈறிலும் கீழ் ஈறிலும் பற்கள் இல்லை. அவற்றின் இடத்தில் கழுத்து உடைந்த குப்பிகள் நெருக்கமாக நின்றன. ஈறுகளைக் கிழித்துக்கொண்டு, இன்னொன்று முளைத்துக்கொண்டிருந்தது.